ஊறுகாய் ஜாடிக்குள் மூன்று காவலர்கள்

"ஈரக் கரண்டியை ஊறுகாய்க்குள் விடாதே!"

நம்மில் பெரும்பாலோர் கேட்டு வளர்ந்த அதட்டல் இது. பாட்டி சொல்வார், அம்மா சொல்வார். சில வீடுகளில் அத்தை கரண்டியைப் பிடுங்கித் தம் முந்தானையில் துடைத்துவிட்டே திருப்பிக் கொடுப்பார். ஏன் என்று கேட்டால் "கெட்டுப் போயிடும்" என்பதோடு பதில் முடிந்துவிடும். கரண்டியில் ஒட்டியிருப்பது சில துளித் தண்ணீர். ஒரு கிலோ ஊறுகாயை அது எப்படிக் கெடுக்கும்?

வகுப்பில் இதைக் கேட்டபோது, "தண்ணீரில் கிருமி இருக்கும் ஐயா" என்றார் ஒரு மாணவர். பாதி சரி. ஆனால் நம் குழாயில் வருவது குளோரின் கலந்த நீர். அதில் கிருமிகள் மிகக் குறைவு. பூசண வித்துகளோ காற்றில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கின்றன. ஜாடியை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சில வித்துகள் உள்ளே விழத்தான் செய்யும். அவை ஊறுகாயில் முளைக்காததற்குக் காரணம், அங்கே அவை குடிக்கத் தண்ணீர் இல்லை. ஊறுகாயில் சாறு இருக்கிறது. ஆனால் அந்தச் சாற்றிலுள்ள நீரை உப்பு பிடித்து வைத்திருக்கிறது. உங்கள் கரண்டியிலிருந்து துளி விழுந்த இடத்தில் மட்டும் உப்பும் புளிப்பும் நீர்த்துப் போகின்றன. ஜாடியின் மேற்பரப்பில் ஒரு சிறு குட்டை உருவாகிறது. வித்துக்கு அது போதும்.

உணவு அறிவியலில் இதற்கு நீர்ச் செயல்பாடு என்று பெயர். ஓர் உணவில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை இது சொல்வதில்லை. நுண்ணுயிர் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிலையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. தூய நீருக்கு மதிப்பு 1. உணவைக் கெடுக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழே பெருகுவதில்லை. பூசணங்கள் இன்னும் பொறுமைசாலிகள். பல வகைகள் 0.8 வரை தாங்கும், சில அதற்கும் கீழே போகும். உப்பு இனிக் கரையாது என்ற அளவுக்கு உப்புப் போட்ட நீரின் மதிப்பு 0.75. தேனுடையது ஏறக்குறைய 0.6. அதனால்தான் தேன் அலமாரியில் மாதக்கணக்கில் இருந்தாலும் கெடுவதில்லை.

அந்த 0.75 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மழைக்காலத்தைப் புரிந்துகொள்ள அது உதவும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையலறை உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சத் தொடங்கும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. திறந்து வைத்த உப்புக் கிண்ணம் கசிவதும், உப்புக் குப்பியில் அரிசி மணிகளைப் போட்டு வைப்பதும் இதனால்தான். மார்ச் வெயிலில் மொறமொறவென்று காய்ந்த மோர் மிளகாய், நவம்பரில் டப்பாவை இரண்டு முறை திறந்து மூடியதும் துவண்டு போவதும் இதனால்தான். மிளகாய் கெட்டுவிடவில்லை, அதிலுள்ள உப்பு காற்றைக் குடித்திருக்கிறது. தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களில் பழகிய கைப்பக்குவத்தோடு இங்கே வந்தவர்கள், கப்பலிலிருந்து இறங்கிய பிறகு வேறொரு வானிலைக்காகத் தங்கள் பக்குவத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது என்று எனக்குத் தோன்றும்.

காவலர்கள் யார்?

எலுமிச்சை ஊறுகாய் போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பழத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நான்காக நறுக்கி, கல் உப்பில் பிசறி பீங்கான் ஜாடியில் போட்டு வெள்ளைத் துணியால் வாய் கட்டுவார்கள். தினமும் ஒரு முறை குலுக்கி விடுவார்கள். முதல் நாள் ஜாடியில் பழமும் உப்பும் மட்டுமே தெரியும். இரண்டாம், மூன்றாம் நாள் பார்த்தால் துண்டுகள் தங்கள் சாற்றிலேயே மிதக்கும். யாரும் நீர் ஊற்றவில்லை. சவ்வூடு பரவல் என்று உயிரியல் பாடத்தில் படிக்கிறீர்களே, அதுதான் இது. வெளியே உப்பின் செறிவு அதிகம் என்பதால் பழத்தின் உயிரணுக்களிலிருந்து நீர் வெளியேறுகிறது. ஜாடிக்குள் தப்பித்தவறி விழுந்த பாக்டீரியாவுக்கும் இதே கதிதான்.

உப்பு முதல் காவலர்.

எலுமிச்சைச் சாறு இரண்டாமவர். அதன் பிஎச் மதிப்பு ஏறக்குறைய 2 முதல் 2.5. படிவம் இரண்டில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: பிஎச் ஒவ்வோர் எண் குறையும்போதும் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. பிஎச் 2 உள்ள சாறு, பிஎச் 5 உள்ள ஓர் உணவைவிட ஆயிரம் மடங்கு அமிலத்தன்மை கொண்டது. நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தப் புளிப்பு ஒத்துவராது. பீங்கான் ஜாடியைத் தேடி எடுப்பதற்கும் இந்த அமிலமே காரணம். அலுமினியச் சட்டியில் வைத்தால் அமிலம் உலோகத்தை அரித்து, அது ஊறுகாயில் கலக்கும்.

மூன்றாவது, மேலே நிற்கும் எண்ணெய். பூசணம் வளர ஆக்சிஜன் வேண்டும். எண்ணெய் ஒரு மூடியைப் போல் மேலே பரவி, காற்றை உள்ளே விடாமல் தடுக்கிறது. துண்டுகள் எண்ணெய்க்கு மேலே தலை நீட்டக்கூடாது என்று பெரியவர்கள் கரண்டியால் அமுக்கி விடுவது இதற்காகவே.

இந்த மூவரில் எண்ணெயை மட்டும் முழுதாக நம்பக்கூடாது. அவர் இரட்டை வேடம் போடக்கூடியவர். காற்றை அடைத்தால் பூசணம் வளராது. ஆனால் காற்றே பிடிக்காத ஒரு பாக்டீரியா இருக்கிறது. எண்ணெய் அதற்குக் கதவைத் திறந்து விடுகிறது.

காற்று பிடிக்காத விருந்தாளி

அதன் பெயர் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம். மண்ணில் வாழ்வது. மண்ணில் விளையும் பூண்டு, இஞ்சி, கிழங்கு எதிலும் அதன் வித்துகள் ஒட்டியிருக்கக்கூடும். வித்தாக இருக்கும்வரை அது நமக்குப் பெரிய தொல்லை தராது. உணவோடு விழுங்கினாலும் பெரியவர்களின் குடல் அதை வளரவிடாது. ஆனால் காற்று இல்லாத, புளிப்பு இல்லாத, உப்புக் குறைந்த, அறை வெப்பத்தில் இருக்கும் ஈரமான இடம் ஒன்று அதற்குக் கிடைத்தால், வித்து முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். இதுவரை அறியப்பட்ட நஞ்சுகளிலேயே மிகக் கொடியவற்றில் அதுவும் ஒன்று. நரம்புகளிலிருந்து தசைகளுக்குப் போகும் செய்தியை அது நிறுத்திவிடும். முதலில் பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், இமை தொங்கும், விழுங்க முடியாது, பேச்சு குழறும். மூச்சுத் தசைகளை எட்டினால் உயிருக்கே ஆபத்து. இத்தகைய அறிகுறி தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முறிவு மருந்து உண்டு, நேரம்தான் முக்கியம்.

இந்த நஞ்சு உணவின் மணத்தையோ சுவையையோ மாற்றாமலே இருக்கக்கூடும். ஆகவே "மோந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது" என்பது இங்கே செல்லாது. வித்துகளைக் கொதிக்க வைத்தும் கொல்ல முடியாது. 100 பாகை செல்சியஸ் அவற்றுக்கு ஒரு குளியல். டின் உணவுத் தொழிற்சாலைகள் அழுத்தத்தில் 121 பாகை வரை சூடாக்குவது இவற்றை ஒழிக்கத்தான்.

1985-இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு இந்த நோய் வந்தது. காரணம் இறைச்சியும் இல்லை, மீனும் இல்லை. நறுக்கிய பூண்டைச் சோயா எண்ணெயில் போட்ட பாட்டில், குளிர்பதனப் பெட்டிக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தது. 1989-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலும் பூண்டு எண்ணெயால் மூவர் பாதிக்கப்பட்டனர். அதன் பிறகு, விற்பனைக்கு வரும் பூண்டு எண்ணெயில் அமிலம் போன்ற பாதுகாப்புப் பொருள் சேர்க்க வேண்டும் என்று அமெரிக்கா விதித்தது.

இப்போது நம் பூண்டு ஊறுகாயைப் பாருங்கள். அதிலும் பூண்டு, அதிலும் எண்ணெய். பாட்டி அதில் புளிக்கரைசலை ஊற்றிக் கொதிக்க விடுவார், அல்லது எலுமிச்சை பிழிவார், உப்பைக் கை நிறைய அள்ளிப் போடுவார். பொட்டுலினம் பெருகுவதற்குப் பிஎச் 4.6-க்கு மேல் வேண்டும். புளி அதை விடுவதில்லை. உணவிலுள்ள நீரில் உப்பு 10 விழுக்காட்டை எட்டினாலும் அதனால் வளர முடியாது. பாட்டிக்கு இந்த எண்கள் தெரியாது. பூண்டையும் எண்ணெயையும் மட்டும் பாட்டிலில் அடைத்து அடுப்பு மேடையில் வைக்கும் பழக்கமும் அவரிடம் இல்லை.

அந்தப் பழக்கத்தை இப்போது கைப்பேசிக் காணொளிகள் கொண்டு வந்திருக்கின்றன. "உப்பில்லா ஊறுகாய்", "புளி சேர்க்காத பூண்டு எண்ணெய், மூன்று மாதம் கெடாது" என்று அழகான கண்ணாடிக் குப்பிகளில் காட்டுகிறார்கள். உப்பைக் குறைக்க நினைப்பதில் தவறில்லை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் அது தேவையும்கூட. ஆனால் எந்த ஊறுகாயில் குறைக்கலாம், எதில் கூடாது?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு கிலோ எலுமிச்சையில் ஏறக்குறைய 880 கிராம் நீர். 200 கிராம் உப்பு போட்டால், உப்பும் நீரும் சேர்ந்து 1,080 கிராம். அதில் உப்பின் பங்கு 18.5 விழுக்காடு. வெறும் 50 கிராம் போட்டால் அது 5.4-ஆகக் குறைந்துவிடும். முதல் காவலர் தூங்கிவிட்டார். ஆனால் எலுமிச்சையின் பிஎச் 2-ஐ ஒட்டி இருப்பதால் இரண்டாம் காவலர் விழித்திருக்கிறார். பொட்டுலினம் வராது. பூசணமும் ஈஸ்டும் வரலாம், ஆகவே குளிர்பதனப் பெட்டியில் வைத்துச் சீக்கிரம் சாப்பிட்டு முடிக்க வேண்டும். இதே 50 கிராம் உப்பைப் புளியே சேர்க்காத பூண்டிலோ, காளானிலோ, கேரட்டிலோ போட்டு எண்ணெயில் மூழ்கடித்து வெளியே வைத்தால், காவலுக்கு யாருமே இல்லை. எண்ணெய் கதவையும் திறந்து வைத்திருக்கிறார். நம் அச்சாரில் கேரட், வெள்ளரி என்று புளிப்பே இல்லாத காய்கள்தாம் சேருகின்றன. அதனால்தான் அதற்கு வினிகர் ஊற்றுகிறோம். அந்த வினிகர் வெறும் ருசிக்காக வந்ததில்லை.

பூண்டு எண்ணெய் வேண்டுமென்றால் அன்றைக்குச் செய்து அன்றைக்கே பயன்படுத்துங்கள். மீந்ததை அடுப்பு மேடையில் விடாதீர்கள்.

இதே பாக்டீரியா தொடர்பாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கும் சேனை வழக்கம் நம்மில் சில குடும்பங்களில் இன்றும் இருக்கிறது. தேனில் பொட்டுலினம் வளராது; ஆனால் அதன் வித்துகள் இருக்கலாம். உங்களுக்கும் எனக்கும் அவை ஒன்றும் செய்யா. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலிலோ அவற்றைத் தடுக்கும் நல்ல பாக்டீரியாக்கள் இன்னும் குடியேறி முடிக்கவில்லை. வித்து அங்கேயே முளைத்து நஞ்சை உண்டாக்கும். குழந்தைகளிடம் இப்படி ஒரு நோய் இருப்பது 1976-இல்தான் அடையாளம் காணப்பட்டது. நம் முன்னோர்க்குத் தெரிய வழியில்லை. உங்கள் வீட்டில் புதிதாகத் தம்பியோ தங்கையோ, அக்காவின் குழந்தையோ வந்தால், தேன் கிண்ணத்தோடு வரும் பெரியவர்களிடம் மரியாதையாக இதை எடுத்துச் சொல்லுங்கள். பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். குழந்தையைப் பார்க்க வரும் தாதியைச் சொல்லச் சொன்னாலும் சரி.

மாவுச் சட்டியில் நடப்பது வேறு கதை

ஊறுகாயில் நுண்ணுயிர்களை விரட்டுகிறோம். இட்லி மாவில் அவற்றை அழைத்து விருந்து வைக்கிறோம். எனக்கு இரண்டில் மாவுதான் அதிக வியப்பு. யோகர்ட் செய்ய உறை வேண்டும், ரொட்டி செய்ய ஈஸ்ட் வேண்டும். இட்லிக்கு எதையுமே சேர்ப்பதில்லை. அரிசி, உளுந்து, தண்ணீர், உப்பு. மறுநாள் காலையில் மாவு சட்டியைத் தாண்டி வழிகிறது. யார் ஊதியது?

1960களில் இட்லி மாவை ஆராய்ந்தவர்கள், இதில் முதன்மையாக வேலை செய்வது லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா என்று கண்டார்கள். அது எங்கிருந்தோ பறந்து வருவதில்லை. உளுந்தின் மேலேயே, அரிசியின் மேலேயே இருக்கிறது. ஊற வைக்கும்போது விழித்துக்கொள்கிறது. அரைத்ததும் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு இரண்டு பொருள்களை வெளியிடுகிறது: லாக்டிக் அமிலமும் கார்பன் டைஆக்சைடும். அமிலம் மாவின் பிஎச்சை 6-ஐ ஒட்டிய அளவிலிருந்து ஏறக்குறைய 4.5-க்கு இறக்குகிறது. வாயு மாவை ஊதுகிறது. அமிலம் கூடக்கூட, லியூகோநாஸ்டாக் ஓய்ந்து, அமிலத்தை இன்னும் அதிகம் தாங்கும் வேறு லாக்டிக் பாக்டீரியாக்கள் பொறுப்பேற்கின்றன. மாவை ஒரு நாள் கூடுதலாக வெளியே விட்டால் பொங்கல் நின்று புளிப்பு மட்டும் ஏறுவது இதனால்.

கெட்ட பாக்டீரியாக்களும் அதே உளுந்தோடு வந்திருக்கக்கூடும். முதல் சில மணி நேரம் சட்டிக்குள் ஓட்டப்பந்தயம்தான். லாக்டிக் பாக்டீரியா அமிலத்தை உமிழ்ந்து மற்றவற்றின் காலை வாரி விடுகிறது. ஊறுகாயில் நாம் ஊற்றிய இரண்டாம் காவலரை, மாவு தானே தயாரித்துக்கொள்கிறது. பிறகு இட்லித் தட்டில் ஊற்றி ஆவியில் வேக வைக்கும்போது வென்றவர்களும் மடிகிறார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வாயுக் குமிழிகள்தாம் இட்லியின் மென்மை.

வாயு உண்டானால் மட்டும் போதாது, தங்கவும் வேண்டும். சோடாவில் வாயு தங்குவதில்லை. உளுந்தை அரைக்கும்போது வழவழவென்று வருகிறதே, அந்தக் கொழகொழப்பில் புரதமும் ஒருவகைப் பல்சர்க்கரையும் சேர்ந்து குமிழிகளைச் சுற்றி மெல்லிய சுவர் எழுப்புகின்றன. பாட்டிமார் ஒரு தேக்கரண்டி வெந்தயம் சேர்ப்பதும் இதே வழவழப்புக்காக. மிக்சியில் அரைப்பவர்கள் குளிர்ந்த நீர் ஊற்றுங்கள். வேகமாகச் சுழலும் கத்தி மாவைச் சூடாக்கும், அந்தச் சூடு அதிகமானால் பாக்டீரியாவுக்கு ஆகாது. ஆட்டுக்கல்லுக்கு அந்தக் கவலை இருந்ததில்லை.

"அவருக்குக் கை ராசி, அவர் கலந்தால் மாவு பொங்கும்" என்று சொல்வார்கள். கையால் கலக்கும்போது பாக்டீரியாவும் மாவும் நன்றாகக் கலக்கின்றன, கையின் வெதுவெதுப்பும் சேருகிறது. ஆனால் பொங்க வைக்கும் பாக்டீரியா உளுந்திலிருந்து வருவதால், மரக்கரண்டியால் கலந்தாலும் மாவு பொங்கத்தான் செய்யும். நம்பாவிட்டால் சோதித்துப் பாருங்கள். ராசியைச் சோதிப்பது தெய்வக் குற்றமாகாது.

தயிர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆற வைத்து உறை ஊற்றுகிறோம். அந்தச் சூடு ஏறக்குறைய 43 பாகை. பல்கேரியாவைச் சேர்ந்த ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற இளைஞர், ஜெனீவாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தபோது, 1905-இல் யோகர்ட்டிலிருந்து லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ் பாக்டீரியாவை அடையாளம் கண்டார். அமிலம் ஏறிப் பிஎச் 4.6-ஐத் தொடும்போது பாலின் கேசின் புரதம் ஒன்றோடொன்று பிணைந்து கெட்டியாகிறது. அதே 4.6! பொட்டுலினத்தின் எல்லையும் கேசினின் எல்லையும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான், ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. தேர்வுக்குப் படிக்கும்போது நினைவில் வைக்க மட்டும் வசதி.

நம் அண்டை வீட்டாரும் இதே பாக்டீரியாக் குடும்பத்தை நம்புகிறார்கள். மலாய்க்காரர்கள் டுரியான் சுளையில் கொஞ்சம் உப்பிட்டு மூடி வைத்துச் செய்யும் தெம்போயாக்கில் வேலை செய்வதும் லாக்டிக் பாக்டீரியாதான். தெம்பேவில் மட்டும் ஆள் வேறு. அங்கே சோயா அவரையை வெள்ளைப் போர்வை போல் கட்டுவது ரைசோபஸ் என்ற பூசணம்.

எல்லாப் பூசணமும் தெம்பே ஆகாது

பூசணம் என்றதும் பாட்டியோடு நான் முரண்படும் இடம் வருகிறது. ஊறுகாய் மேல் வெள்ளையாகப் படர்ந்தால் அதை வழித்து எறிந்துவிட்டு, மிச்சத்தை வெயிலில் வைத்து எடுப்பது பழைய வழக்கம். வேர்க்கடலையில் பச்சை படிந்தால் தட்டி வறுத்துவிடுவார்கள். வறுமையில் அப்படித்தான் வாழ முடிந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் இது விட்டுவிட வேண்டிய வழக்கம்.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்தன. தீவனத்தில் இருந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் வளர்ந்திருந்தது. அது சுரந்த நஞ்சுக்கு அஃப்லாடாக்சின் என்று பெயரிட்டார்கள். கல்லீரலைத் தாக்கும் நஞ்சு. சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் உடலில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய்க்கும் காரணமாகும். வேர்க்கடலை, மக்காச்சோளம், காய்ந்த மிளகாய் ஆகியவற்றில் ஈரம் பட்டால் இந்தப் பூசணம் வரலாம். வறுப்பதாலும் வேக வைப்பதாலும் இந்த நஞ்சு முழுதாக அழிவதில்லை. கண்ணுக்குத் தெரியும் பச்சை, பூசணத்தின் தலை மட்டுமே. இழைகளும் நஞ்சும் அதற்குக் கீழே போயிருக்கும்.

இது எங்கோ வெளிநாட்டில் நடந்தது என்று நினைக்க வேண்டாம். 1988-இல் நம் பேராக் மாநிலத்தில், அரிசி மாவில் செய்யப்படும் லோ சீ ஃபன் என்ற மீயை உண்டு 13 சிறார்கள் இறந்தார்கள். ஆய்வில் அஃப்லாடாக்சின் கண்டறியப்பட்டது. உங்கள் பெற்றோருக்கோ தாத்தா பாட்டிக்கோ அந்தச் செய்தி நினைவிருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்.

ஆகவே பச்சை, கறுப்பு, மஞ்சள் என எந்த நிறப் பூசணம் பிடித்தாலும் கடலையும் மிளகாயும் குப்பைக்குப் போகட்டும். ஊறுகாய்க்கும் அதுவேதான். ஐந்து ரிங்கிட் பொருளுக்காகக் கல்லீரலைப் பணயம் வைப்பதில் சிக்கனம் ஒன்றும் இல்லை.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடிக் குவளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அரிசி மாவும் உளுந்து மாவும் கலந்த இட்லி மாவு. இரண்டாவதில் அரிசி மட்டும் அரைத்த மாவு. மூன்றாவதில் முதல் குவளையிலுள்ள அதே இட்லி மாவு. ஆனால் இதைக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பாதி அளவுக்கு மேல் நிரப்ப வேண்டாம். நம் ஊர் வெப்பத்தில் வழிந்தால் துடைக்கப்போவது நீங்கள்தான். மாவு நிற்கும் உயரத்தில் ரப்பர் வளையம் மாட்டி, மணிக்கு ஒரு முறை உயரத்தை அளந்து வரைபடம் போடுங்கள். கோடு எப்போது செங்குத்தாக ஏறுகிறது, எப்போது தட்டையாகிறது என்று கவனியுங்கள். முதல் இரண்டு மணி நேரம் பெரும்பாலும் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும்.

புளிப்பைக் கண்ணால் பார்க்கச் சங்குப்பூ போதும். நாசி கெராபுவுக்கு நீல நிறம் தருவதும் இந்தப் பூதான். பத்துப் பூக்களைச் சுடுநீரில் ஊற வைத்தால் நீல நீர் கிடைக்கும். அமிலம் பட்டால் நீலம் ஊதாவை நோக்கி நகரும்; எலுமிச்சைச் சாற்றில் இளஞ்சிவப்பு வரை போகும். அரைத்த உடனே எடுத்த மாவில் சில துளிகள், காலையில் பொங்கிய மாவில் சில துளிகள் விட்டு, பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஆனால் இந்தப் பூவை நம்பி ஓர் ஊறுகாய் 4.6-க்குக் கீழே இருக்கிறதா என்று முடிவு செய்யக்கூடாது. அது திசையைக் காட்டும், எண்ணைக் காட்டாது. எண் வேண்டுமென்றால் பள்ளி ஆய்வகத்தின் பிஎச் மானியைக் கேளுங்கள்.

இன்னொரு வேலைக்குச் சமையலறைத் தராசு வேண்டும். பாட்டியோ அம்மாவோ அடுத்த முறை ஊறுகாய் போடும்போது பக்கத்தில் நின்று, "ஒரு கை உப்பு" என்று அவர்கள் அள்ளுவதைத் தராசில் கொட்டச் சொல்லுங்கள். மூன்று முறை அள்ளச் சொல்லிச் சராசரி எடுங்கள். காயின் எடையையும், சேர்த்த புளி அல்லது எலுமிச்சையின் அளவையும், வெயிலில் வைத்த நாள்களையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். பெரும்பாலான காய்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீர் என்று வைத்துக்கொண்டு, மேலே எலுமிச்சைக்குச் செய்த அதே கணக்கைப் போடுங்கள். விடை 10-க்குக் கீழே வந்தால், அந்த ஜாடியில் புளிப்புக்கு என்ன சேர்த்தார்கள் என்று உடனே கேளுங்கள்.